தேசம்மாவின் தொட்டிகளின் அடியைக் கீறியது யார்?

செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. தேசம்மாவின் மகள் செல்வி ஃபோனில் பேசினாள். "சார், அம்மா பூட்ச்சி சார்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுகிற பெண்ணுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நானோ ஃபோனை வைத்த கையோடு அவர்கள் தெருமுனை டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, செய்தி உண்மைதானா என்று கேட்டேன். "இதுலகூடவா சார் உனுக்கு டவுட்டு?" என்று அவர் வைத்துவிட்டார். துப்புரவுப் பிரிவில் இருபத்தைந்து வருடம் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். லீவுக்காக ஒரே பெரியப்பாவை மூன்று முறை சாகடித்த ஆட்களை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். சாவுச் செய்தி என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும், துக்கம் அதற்குப் பிறகுதான். பெரம்பூரில் என் வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

பதினாறாம் நாள் படத்திறப்பின்போது ஒரு சிறு நூல் போடுகிறோம், தேசம்மாவைப் பற்றி நீங்களும் நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்று நம் தொழிலாளர்கள் கேட்டார்கள். நல்லதாக எழுத அவரிடம் நிறைய இருந்தது. ஆனால் என்னிடம் ஒரு கெட்ட விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எதை எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். காசிமேட்டில் அவரை அறிந்தவர்கள், அவருடன் துடைப்பம் பிடித்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள்.

முதன்முதலில் நான் அவரைப் பார்த்தபோது அவருடைய தலை குப்பைத் தொட்டிக்குள் இருந்தது. கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தப் பகுதிக்கு நான் மாற்றலாகி வந்த மூன்றாவது நாள் அது. மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே, மீன் வெட்டுகிற பெண்கள் வரிசையாக உட்காரும் தெருவில் ஆறு இரும்புத் தொட்டிகள் அவர் பொறுப்பில் இருந்தன. குப்பை லாரி வந்து போய்விட்டது. காலியான தொட்டிக்குள் இந்த அம்மாவுக்கு என்ன வேலை? எதையோ ஒளித்து வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். "உள்ள என்ன பண்ற? வெளிய வா" என்று அதட்டினேன். அவரை நேரில் எப்போதும் 'நீ' என்றுதான் பேசினேன். இப்போது எழுத்தில் 'அவர்' என்று எழுதுவது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

தலையை வெளியே எடுத்தவர் கையில் ஒரு ஈர்க்குச்சி இருந்தது. "ஓட்ட அடச்சிகினு கீது சார்" என்றார். தொட்டியின் அடியில் ஒரு மூலையில், கட்டை விரல் நுழைகிற அளவுக்குத் துளை விட்டிருப்பார்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் வடிவதற்காக. மீன் செதில் போய் அதை அடைத்துக்கொள்ளும். மற்ற இடங்களில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கே அப்படி ஒரு துளை இருப்பது அன்றுதான் தெரியும். "குப்ப தொட்டிய தின்னாது சார். உள்ள நிக்கற தண்ணிதான் தின்னும். அத்தொட்டு தெனம் குத்தி வுடணும்" என்றார். நான் தலையாட்டினேன். ஆனாலும் அவர் போன பிறகு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதுவே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அவருடைய முறைகளை ஒவ்வொன்றாகக் கவனித்திருக்கிறேன். திருடனைக் கவனிப்பது போலத்தான் கவனித்தேன் என்றாலும், கவனித்தது மறக்கவில்லை. தினமும் லாரி போனதும் தொட்டியின் உள்பக்கத்தைக் கழுவுவார். அந்தப் பக்கத்து போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதை ஊற்றினால் இரும்புக்குக் கேடு. நல்ல தண்ணீரைக் குப்பைத் தொட்டிக்கு ஊற்றினால் தெருவே சண்டைக்கு வரும். அந்த மீன் தெரு டீக்கடையில் கிளாஸ் கழுவிய தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து வைக்கச் சொல்லி, அதைக் கொண்டுவந்து ஊற்றுவார். பிறகு மூடியைத் திறந்து போட்டு, வெயிலில் காய்ந்த பிறகுதான் மூடுவார். தினம் இரண்டு பக்கெட் எச்சில் தண்ணீரைச் சும்மா கொடுக்க அந்த டீக்கடைக்காரர் என்ன இளிச்சவாயரா என்று நான் அவரிடமே போய் விசாரித்தேன். அந்தம்மா கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும் என்றார்.

போட் மெக்கானிக்குகளிடம் எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் வாங்கி வைத்திருப்பார். வாரம் ஒருமுறை மூடியின் கீலுக்கும் சக்கரத்துக்கும் விடுவார். சக்கரம் சிக்கினால் ஆட்கள் தொட்டியைத் தரையில் இழுப்பார்கள், இழுத்தால் அடி தேயும், தேய்ந்த இடத்தில் துரு பிடிக்கும் என்பது அவர் கணக்கு. மழைக்காலம் வருமுன் நான்கு சக்கரத்துக்கும் அடியில் கடப்பாக்கல் துண்டு வைத்துவிடுவார். ஹோட்டல்காரர்கள் அடுப்புச் சாம்பலைக் கொட்ட வந்தால், அதில் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். சூடு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். தீபாவளியன்று பையன்கள் தொட்டிக்குள் வெடி போடுவார்கள் என்று, காலையிலிருந்தே மூடியை மூடி அதன்மேல் ஏறிக் குந்திக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்த அவரை அந்தத் தெருவே பார்த்திருக்கிறது.

பெயிண்ட் விஷயம்தான் முக்கியம். எங்காவது ஒரு கீறல் விழுந்துவிட்டால் அன்றே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதலில் துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்ததும் அதன்மேல் பச்சையோ நீலமோ பூசிவிடுவார். மீன்பிடிப் படகுகளுக்கு அடித்த பிறகு டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் அது. லாரிக்காரர் தொட்டியை மாட்டித் தூக்கும்போது, "ரெண்டு நிமிசம் அப்டியே நிறுத்து நைனா" என்று சொல்லி, தலைக்குமேல் தொங்கும் தொட்டியின் அடியில் பிரஷ்ஷை ஓட்டுவார். இறக்கும்போது டமால் என்று போட்டால் அவ்வளவுதான். "கொயந்தய எறக்கற மாரி எறக்குடா. உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்பார். "உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்று லாரிக்காரர் திருப்பிக் கேட்டால், "என் பொயப்புடா" என்பார்.

இப்படிச் செய்தால் தொட்டி உழைக்காமல் என்ன செய்யும்? உழைத்தது. எங்கள் பகுதியில் மற்ற தெருக்களின் தொட்டிகள் இரண்டு மழைக்காலத்துக்குமேல் தாங்காது. கடற்காற்றும் மீன் தண்ணீரும் சேர்ந்து அடியை அரித்துவிடும். தூக்கினால் அடித்தகடு தெருவிலேயே தங்கிவிடும். தேசம்மாவின் ஆறு தொட்டிகளும் ஐந்து வருடம் ஆகியும் அப்படியே நின்றன. புதுத் தொட்டி கேட்டு அவரிடமிருந்து ஒரு விண்ணப்பம்கூட வந்ததில்லை. வேறொரு மேற்பார்வையாளராக இருந்தால் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தியிருப்பார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த அம்மா மாற்றுகிறார். தன் தொட்டி கெட்டுப்போனதும் அதை அடுத்த பகுதியின் நல்ல தொட்டியோடு மாற்றி வைத்துவிட்டு, அதன்மேல் தன் தொட்டியின் எண்ணைப் பெயிண்டால் எழுதிவிடுகிறார். பார்க்கப் போனால் தொட்டிகளில் எண் எப்போதும் புதிதாக எழுதியது போலத்தான் இருந்தது. திருவொற்றியூர் சாலைப் பக்கத்துத் தொட்டிகளோ சீக்கிரம் சீக்கிரமாகச் செத்துக்கொண்டிருந்தன. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

கையும் களவுமாகப் பிடிக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மத்தியானம் தேசம்மா சாப்பிடப் போன நேரத்தில் தரையில் துண்டை விரித்துப் படுத்து, தொட்டியின் அடியில் கையை விட்டு, மூலையில் ஒரு ஆணியால் பெருக்கல் குறி போல அழுத்திக் கீறினேன். ஆறு தொட்டிக்கும் அதே இடத்தில் அதே குறி. குறி இருக்கும்வரை அது அதே தொட்டி. குறி இல்லாத தொட்டி வந்தால் மாற்றப்பட்ட தொட்டி. போகிறவர்கள் ஏதோ விழுந்துவிட்டதைத் தேடுகிறேன் என்று நினைத்தார்கள். ஒருவர் வந்து தானும் குனிந்து தேடினார்.

ஒரு மாதம் கழித்து ஃபோன் விளக்கை அடித்துப் பார்த்தேன். நான்கு தொட்டியில் குறி இல்லை. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவசரப்படக் கூடாது என்று மறுபடி கீறினேன், இந்த முறை இன்னும் ஆழமாக. மறுபடி காணோம். மூன்றாம் முறையும் கீறினேன். அந்த மழைக்காலத்தில், ஐந்து வருடத்தில் முதன்முறையாக, தேசம்மாவின் இரண்டு தொட்டிகளில் அடிமூலையில் துரு பூத்தது. கெட்ட தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார், இனி என்ன ஆதாரம் வேண்டும் என்று அறிக்கை எழுதினேன். துருவைப் பற்றி எழுதினேனே தவிர, நான் ஆணியால் போட்ட குறியைப் பற்றி அதில் எழுதவில்லை.

அதே நாட்களில்தான் தேசம்மாவும் முனியம்மாவும் பேச்சை நிறுத்தினார்கள். முனியம்மா அந்தத் தெருவில் மீன் வெட்டுகிறவர். இரண்டாவது தொட்டிக்குப் பக்கத்தில் அவருடைய அருவாமனையும் பலகையும். காலை ஒன்பது மணிக்கு ஒரு டீ வாங்கி இரண்டு கிளாஸில் பிரித்துக் குடிப்பார்கள். பதினைந்து வருடப் பழக்கம் என்று டீக்கடைக்காரர் சொல்வார். இடையில் ஒருநாள், மீன் கழுவின தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதே, தனியாக ஒரு வாளியில் ஊற்று என்று தேசம்மா சொல்லப் போக, வார்த்தை முற்றியது. "எப்பப் பாத்தாலும் தொட்டி தொட்டின்னு. உன் தொட்டி ஓட்டயா போவ!" என்று முனியம்மா கத்திவிட்டார். அடுத்த நாளே அவர்கள் டீயைப் பிரித்துக் குடித்ததை நான் பார்த்தேன். ஆனால் அதற்குச் சில வாரம் கழித்து நிரந்தரமாகவே பேச்சு நின்றது. தேசம்மா அந்தப் பலகையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். என்னை ஏமாற்ற இருவரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள் என்றுகூட நான் சந்தேகப்பட்டேன்.

விசாரணை எங்கள் அலுவலகத்தில் நடந்தது. அதிகாரி நாற்காலியில் இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். தேசம்மா எதிரே நின்றார். தொட்டியை மாற்றினாயா என்று அதிகாரி கேட்டார். தேசம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "நான் இன்னாத்துக்கு சார் மாத்தறேன்? நல்லா கீற தொட்டிய எவனாவது மாத்துவானா?" என்றார். அப்படியென்றால் துரு எப்படி வந்தது என்று கேட்டார் அதிகாரி. அதற்கு தேசம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அடியில எவனோ ஆணியால கீறிகினு போறாங்கோ சார். ஒரு தபா இல்ல, மூணு தபா. நானும் தேச்சி தேச்சி ரெட் ஆக்சைடு அட்ச்சி மூடிகினு வர்றேன். மய நேரத்துல அடிச்சது காயல சார். உப்பு உள்ள பூந்துகிச்சி."

யார் கீறியது என்று அதிகாரி கேட்டார். தேசம்மா ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். "தெரியாது சார்" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார். நான் "தெரியாது சார்" என்றேன்.

அந்த அறையில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஒரு மெமோ வந்திருக்கலாம். அதற்குப் பயந்தேன். தேசம்மாவை எண்ணூர்ப் பக்கம் மாற்றினார்கள். வீட்டிலிருந்து இரண்டு பஸ். விடிகிற நேரத்தில் வேலைக்கு நிற்க வேண்டும் என்றால் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். அவருக்கு அப்போதே முட்டி வலி இருந்தது.

அவர் போன பிறகு ஒரு மத்தியானம் நான் உப்புத்தாளுடன் போய்ப் படுத்து, அடியில் தேய்த்துப் பார்த்தேன். எனக்கு அவர் சொன்னதிலும் சந்தேகம். பச்சை போனது, சிவப்பு போனது. அதற்கடியில் என் குறி இருந்தது. மூன்று முறை கீறியதும் ஒன்றன்மேல் ஒன்றாக. மாற்றாத தொட்டி. ஐந்து வருடமாக அதே தொட்டி. அதை முதன்முதலில் கெடுத்தது நான்.

சில மாதம் கழித்து எண்ணூருக்கு ஒரு வேலையாகப் போனபோது அவரைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் ஓரமாகப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ "வா சார்" என்று தன் தொட்டிகளைக் காட்டினார். அங்கே கடற்காற்றோடு அனல்மின் நிலையச் சாம்பல் தூசியும் சேர்ந்து வருகிறது, கழுவாமல் பெயிண்ட் அடித்தால் அது தோல் மாதிரி உரிந்து வருகிறது, இங்கே இரண்டு தடவை கழுவ வேண்டும் என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேன், உன்னோட வச்சிக்க சார். கீறினது வேற யாரும் இல்ல, அந்த முனிமாதான். ஓட்டயா போவன்னு வாயால சொன்னா, அப்பறம் கையால செஞ்சிட்டா. அவ கையிலதான் எப்பவும் இரும்பு கீதே."

"அப்ப ஏன் ஆபீஸ்ல சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்கோ அவ கடைய தூக்கிடுவீங்கோ. ரெண்டு பொண்ணு வச்சிகினு கீறா. எனுக்கு அவகூட சண்டன்னா அது எங்களுக்குள்ள. ஆபீசுக்கு இன்னா வந்துச்சி?" என்றார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். தெருவில் நாங்கள் இருவர்தான். சொல்ல வாய் எடுத்தேன் என்று எழுதினால் பொய். எடுக்கவில்லை. திரும்பி வந்து, தொட்டி மாற்றப்படவில்லை என்று நான் பரிசோதித்து உறுதி செய்துவிட்டேன் என ஒரு குறிப்பு எழுதி, அவரை மறுபடி காசிமேட்டுக்கே வாங்கினேன். அதிலும் ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வந்த முதல் நாள் அவர் எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். "நீ சந்தேகப்படற ஆளுதான். ஆனா நியாயமா விசாரிக்கற சார்" என்றார். வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி தொக்கு செய்தாள். எனக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்தேன்.

நான் கீறுவதை நிறுத்திவிட்டதால், தேசம்மாவின் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது. "பாத்தியா சார், நான் எண்ணூர் போனதும் அவ மனசு ஆறிப்போச்சி. இப்போ ஒரு கீறல் கீதா பாரு" என்பார். வருடங்கள் ஓடின. அவர் ஒரு டீயை முழுதாகத் தனியாகக் குடித்தார். முனியம்மா தன் பலகையில் தலை நிமிராமல் மீன் வெட்டினார். தான் எதற்காக ஒதுக்கப்பட்டோம் என்பதே முனியம்மாவுக்குத் தெரியாது. தண்ணீர்ச் சண்டைக்கு இவ்வளவு கோபமா என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நடுவில் நான் ஓய்வு பெற்றேன். தொட்டிகள் நன்றாகவே இருந்தன.

சாவன்று போனேன். ராயபுரத்தில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நம் ஆட்கள் எல்லோரும் சீருடையிலேயே வந்து மாலை போட்டார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான் என்று செல்வி சொன்னாள். அப்போது தெருமுனையில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முனியம்மா நிற்பதைப் பார்த்தேன். உள்ளே வரவில்லை. செல்வியும் பார்த்துவிட்டாள். "அம்மாவ எண்ணூருக்கு அலைய வுட்ட பொம்பள. அது எதுக்கு சார் இங்க வந்துச்சி?" என்று என்னிடமே கேட்டாள்.

என் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடமே கேட்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை. சவம் கிளம்பியபோது முனியம்மா ஊர்வலத்துக்கு ரொம்பப் பின்னால், தனியாக, பாலம்வரை நடந்து வந்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காசிமேட்டுக்குப் போனேன். முனியம்மா ஒரு வஞ்சிர மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார். அதில் உட்கார்ந்து, ஆணியிலிருந்து விசாரணைவரை, எண்ணூரில் தேசம்மா சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். வாடிக்கையாளர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முனியம்மா கடைசித் துண்டைப் போட்டு, பையில் கட்டிக் கொடுத்து, அவரை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் கீறினேன்னா நெனச்சிகினு இருந்தா?" என்றார்.

"ஆமாம்மா."

"அப்பவும் என் பேர ஆபீசுல சொல்லல?"

"சொல்லல."

அவர் கையில் இருந்த செதிலைத் துடைத்தார். பிறகு ஆரம்பித்தார். கஸ்மாலம் என்றார், பேமானி என்றார், உனக்கெல்லாம் எதற்குப் பேண்ட் சட்டை என்றார். சுற்றி இருந்தவர்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் பாதியை இந்த நூலில் அச்சிட முடியாது. நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். திட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் சட்டென்று நிறுத்தினார். அழ ஆரம்பித்தார்.

"நாலு வருசத்துக்கு முன்னாடி வந்து சொல்லியிருந்தா இன்னா சார் கொறஞ்சி போயிருக்கும் உனுக்கு? அவளும் நானும் சேர்ந்து உன்ன நல்லா திட்டியிருப்போம். திட்டி முடிச்சிட்டு ஒரு டீ வாங்கி ரெண்டா ஊத்தி குட்ச்சிருப்போம். இப்ப பாரு, நான் ஒருத்தியே திட்டிகினு கீறேன்."

இதுதான் நான் எழுத வேண்டியிருந்தது. செல்வி, உன் அம்மாவை எண்ணூருக்கு அலையவிட்டது முனியம்மா இல்லை, நான். படத்திறப்புக்கு அவரை நீ நேரில் போய் அழைக்க வேண்டும். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அதில் அவர் உட்காரட்டும்.

தேசம்மாவின் நினைவாக நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால், நல்லதாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. முனியம்மா தன் பங்குக்கு என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். தேசம்மா திட்ட வேண்டியது அப்படியே இருக்கிறது. அதை இனி அவர் வாயால் நான் வாங்க முடியாது. வாங்காத அந்தத் திட்டைத்தான் வைத்திருக்கிறேன்.